பழைய போர் விமானத்தை சும்மா நிறுத்தி வைக்காம ஏன் இவ்ளோ செலவு பண்ணி ஓட வைக்கிறாங்க?

இன்ஜின் ஓடாம கிடந்தா எண்ணெய் கசியாம அடைக்கிற சீல் எல்லாம் காஞ்சு போயிடும், அதை ரிப்பேர் பண்ணத் தெரிஞ்ச ஆளும் இல்லாம போயிடுவாங்க, அதான் முக்கிய காரணம். இதுக்கு ஒரு உதாரணம், இங்கிலாந்துல லிங்கன்ஷயர் பக்கம் ஈஸ்ட் கிர்க்பினு ஒரு இடம், ரெண்டாம் உலகப்போர்ல குண்டு போடப் போன விமானங்க கிளம்பின ஏர்ஃபீல்டு. பான்டன்னு ரெண்டு விவசாயி சகோதரர்கள், அவங்க அண்ணன் 1944 மார்ச்ல ஜெர்மனியில நியூரம்பெர்க் நகரம் மேல குண்டு போடப் போனவர் திரும்பி வரவே இல்ல, அவர் நினைவா 1983ல லங்காஸ்டர்ங்கிற குண்டு போடுற விமானம் ஒண்ணை வாங்கி, அந்த ஏர்ஃபீல்டுலயே மியூசியம் வச்சாங்க. மொத்தம் 7,377 லங்காஸ்டர் செஞ்சாங்க, இன்னிக்கு பறக்கிறது உலகத்துலயே ரெண்டுதான். இவங்களோடது இன்னும் பறக்கல, ஆனா நாலு மெர்லின் இன்ஜினும் போட்டு தரையில ஓட்டிக் காட்டுறாங்க, ஒண்ணொண்ணா ஸ்டார்ட் ஆகும்போது எக்சாஸ்ட்ல குப்புனு புகை வரும், பின்னாடி புல்லு அப்படியே படுத்துடும். வால்ல துப்பாக்கியோட உக்காந்தவர் இடம் எவ்ளோ குறுகல்னா, பாராசூட்டை கூட வெளியவே வச்சிட்டுதான் உள்ள போகணும். இதெல்லாம் போட்டோல பாத்தா உறைக்காதுங்க.