மீன் போன பிறகும் போகாத வாடை

கேள்வி: நாலு நாள் ஊருக்குப் போய்விட்டு வந்து பார்த்தால், மெயின் ட்ரிப் ஆகி ஃப்ரிட்ஜுக்குக் கரண்டே இல்லை. ஃப்ரீசரில் வைத்திருந்த ஒரு கிலோ சாளை கரைந்து கீழ்த்தட்டு வரை ஒழுகியிருந்தது. மூன்று தடவை சோப்பு போட்டுத் துடைத்துவிட்டேன், ஆப்ப சோடாவும் கிண்ணத்தில் வைத்துப் பார்த்துவிட்டேன். கதவைத் திறந்தால் இன்னும் மீன் மார்க்கெட்தான், ஐஸ் போட்ட தண்ணீர்கூட நாறுகிறது. பழைய சிங்கிள் டோர், தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கலாம் என்கிறார் வீட்டுக்காரர். என்ன செய்யட்டும்?
- ஒரு வாசகி, தூத்துக்குடி

பதில்: வீட்டுக்காரரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். நீங்கள் துடைத்தது எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற இடம், மீன் தண்ணீர் போய் உட்கார்ந்திருப்பது வேறு இடம். பெரும்பாலான சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜில் ஃப்ரீசருக்குக் கீழே ஒரு தட்டு இருக்கும், உள்பக்கப் பின்சுவரில் காய்கறி டப்பாவுக்குக் கொஞ்சம் மேலே ஒரு சின்ன ஓட்டை இருக்கும். பனி கரைகிற தண்ணீர் அந்த ஓட்டை வழியாக இறங்கி, ஃப்ரிட்ஜின் முதுகுப்பக்கம் கம்ப்ரசருக்கு மேலே இருக்கிற ஒரு பிளாஸ்டிக் தட்டில் விழும், கம்ப்ரசர் சூட்டில் அது தானே ஆவியாகிவிடும். உங்கள் சாளைத் தண்ணீரும் அதே வழியில்தான் போயிருக்கும். உள்ளே நீங்கள் எத்தனை தடவை துடைத்தாலும் பின்னால் அது காய்ந்து நாறிக்கொண்டே இருக்கும்.

முதலில் ப்ளக்கைப் பிடுங்கிவிடுங்கள். கம்ப்ரசர் ஆறட்டும், அப்புறம் ஃப்ரிட்ஜைச் சுவரை விட்டு இழுத்து அந்தப் பின்தட்டைப் பாருங்கள். கழன்றால் கழற்றிக் கழுவுங்கள், கழலாவிட்டால் பழைய துணியை நனைத்து ஒற்றி ஒற்றி எடுங்கள். ஓட்டைக்கு, ஊசி இல்லாத சிரிஞ்சில் வெதுவெதுப்பான தண்ணீரை ஏற்றி, பின்தட்டில் தெளிந்த தண்ணீர் விழுகிற வரை மெதுவாக அடியுங்கள். கம்பியை விட்டுக் குத்த வேண்டாம். எங்கள் வீட்டில் இதே மாதிரி ஒரு தடவை செய்தபோது ஓட்டையிலிருந்து முதலில் வந்தது ஒரு கறிவேப்பிலை, அதற்குப் பின்னால் கறுப்பாகக் கொழகொழவென்று ஏதோ. அதுவும் மீன் வாங்காத வீடு!

அடுத்தது கதவு ரப்பர். அதன் மடிப்பை விரலால் விரித்துப் பாருங்கள், கீழ்ப்பக்க மடிப்பில்தான் ஒழுகியது எல்லாம் தேங்கும். பழைய டூத் பிரஷ் போதும்.

இப்போது ஆப்ப சோடா விஷயம். எல்லாரும் சொல்வதால் நீங்களும் வைத்தீர்கள், தப்பில்லை, ஆனால் அது புளித்த மாவு, திரிந்த பால் மாதிரி புளிப்பு நாற்றத்துக்குத்தான் நன்றாகக் கேட்கும். மீன் கவிச்சிக்குக் காரணம் பெரும்பாலும் அமீன் என்கிற காரப் பொருள்கள் (மிளகாய்க் காரம் இல்லை, புளிப்புக்கு எதிரான குணம்), அதற்கு மருந்து புளிப்பு. மீன் கழுவும்போது புளியோ எலுமிச்சையோ போட்டுப் பிசறுகிறோமே, அதே கணக்குதான். வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிக்குச் சரி கலந்து உள்சுவர், தட்டு, ரப்பர் எல்லாம் துடைத்துப் பத்து நிமிஷம் விட்டு, வெறும் தண்ணீரில் துடைத்தெடுங்கள். சோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கலக்காதீர்கள், நுரை பொங்குவது பார்க்க நன்றாக இருக்கும், ஒன்றை ஒன்று அடித்துவிடும், அவ்வளவுதான். ப்ளீச்சிங் பவுடரை வினிகரோடு சேர்க்கவே கூடாது, குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும். கண்ணாடித் தட்டு ஜில்லென்று இருக்கும்போது கொதிநீர் ஊற்றினால் விரிசல் விடும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐஸ் கட்டிகளை யோசிக்காமல் கொட்டுங்கள், அவை வாடையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஐஸ் ட்ரேயையும் வினிகரில் ஊறப்போடுங்கள்.

அப்புறம் ஒரு முழு நாள் கதவைத் திறந்தே வையுங்கள். சின்னப் பிள்ளைகள் இருந்தால் உள்ளே ஏறிக் கதவு மூடிக்கொள்ளாதபடி தடித்த துண்டை இடுக்கில் சொருகிக் கட்டிவிடுங்கள். திரும்பப் போட்டதும் ஒரு அகலத் தட்டில் கரித்துண்டுகளைப் பரப்பி நடுத்தட்டில் வையுங்கள். இஸ்திரி வண்டிக்காரரிடம் கேட்டால் ஒரு கை கரி கொடுப்பார். மீன் தொட்டி சாமான் விற்கிற கடையில் கிடைக்கிற ஆக்டிவேட்டட் கார்பன் இன்னும் நன்றாக வேலை செய்யும். டிகாஷன் இறக்கின காப்பித்தூளை ஈரத்தோடு வைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், நான் வைத்து மூன்றாம் நாள் பூசணம் பூத்தது.

இத்தனைக்கும் பிறகு பத்து நாளில் வாடை போகவில்லை என்றால், உள்சுவரில் விரிசல் வழியாகத் தண்ணீர் உள்ளே இருக்கிற ஃபோமில் இறங்கியிருக்கும். அது போகாது. அப்போது வீட்டுக்காரர் சொல்கிறபடி புதுசு பார்க்கலாம்.

கேள்வி: எங்கள் ஃப்ரிட்ஜில் நாற்றமில்லை, ஆனால் காலைக் காப்பியில் மல்லிகைப்பூ மணக்கிறது! பூவைப் பையில் சுற்றித்தான் வைக்கிறேன்.
- ஒரு வாசகி, மதுரை

பதில்: மதுரையில் இருந்துகொண்டு இதற்கு வருத்தப்படலாமா! பாலில் இருக்கிற கொழுப்பு எந்த மணத்தையும் இழுத்துக்கொள்ளும், அதுவும் வெட்டின பால் பாக்கெட்டைக் கிளிப் போட்டு வைத்தால் கேட்கவே வேண்டாம். மெல்லிய பிளாஸ்டிக் பையிலிருந்து வாசம் கசியும். பூவை ஈரத்துணியில் சுற்றி இறுக மூடுகிற எவர்சில்வர் டப்பாவில் போடுங்கள், காய்ச்சின பாலையும் மூடி வையுங்கள். பெருங்காய டப்பா ஃப்ரிட்ஜில் இருந்தால் அதை வெளியே எடுத்துவிடுங்கள், அதற்கு அங்கே வேலையே இல்லை.