கை போகாத இடத்தில் கசியும் ஹீட்டர் ஓஸ்

காரின் ஹீட்டருக்குச் சூடான கூலன்ட்டை (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) கொண்டுபோகும் ரப்பர் ஓஸ் மறுபடி கசிகிறது, அதை மாற்ற எஞ்சினையே இறக்க வேண்டும் என்று மெக்கானிக் சொல்கிறார் என்று கேட்டிருந்தீர்கள். இறக்கத் தேவையில்லை. ஏர் ஃபில்டர் பெட்டியையும் அதன் குழாயையும் கழற்றினால் ஃபயர்வால் (எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தடுப்புத் தகடு) பக்கம் பெரும்பாலும் கை போகும். ஓஸை இறுக்கிப் பிடித்திருக்கும் ஸ்பிரிங் கிளிப்பைக் கழற்ற, வயர் வைத்த நீளப் பிளையர் வாங்கிக்கொள்ளுங்கள். சாதாரணக் குறடு அங்கே விரலைத்தான் கடிக்கும்.

ஓஸை முறுக்கி இழுக்காதீர்கள். அது மாட்டியிருக்கும் ஹீட்டர் கோரின் (டாஷ்போர்டுக்குள் இருக்கும் சின்ன ரேடியேட்டர்) குழாய் மெல்லிசு. வளைந்தால் டாஷ்போர்டையே கழற்ற வேண்டிவரும். பிளேடால் நீளவாக்கில் கீறி, வாழைப்பழத் தோல்போல் உரித்தெடுங்கள். பிளேடு குழாயில் கோடு போடக் கூடாது. புது ஓஸுக்குத் திருகு கிளிப் போடுவதானால், திருகின் தலை உங்கள் ஸ்க்ரூடிரைவர் எட்டும் பக்கம் இருக்கட்டும்.

எட்டு மாதத்துக்கு முன் போட்ட ஓஸ் மறுபடி போயிருக்கிறது என்றால், வால்வு கவரிலிருந்து (எஞ்சினின் மேல்மூடி) வழியும் ஆயிலைச் சந்தேகப்படுவேன். ஆயில் பட்டால் அந்த ரப்பர் ஊதிக் கொழகொழக்கும். பழைய ஓஸை அமுக்கிப் பாருங்கள். அப்படியிருந்தால் முதலில் அந்தக் கவரின் கேஸ்கெட்டை (கசிவை அடைக்கும் பட்டை) மாற்றுங்கள்.

புது ஓஸ் வாங்கும் முன் ஒரு சோதனை: முன்சீட்டுக் கால்மிதியைத் தூக்கிப் பாருங்கள். அங்கே பிசுபிசுப்பான ஈரமும் இனிப்பு வாடையும் இருந்தால் கசிவது கோர். ஓஸ் மாற்றிப் பயனில்லை.

எஞ்சின் முழுக்க ஆறாமல் ரேடியேட்டர் மூடியில் கை வைக்காதீர்கள். கூலன்ட் ஊற்றும்போது ஹீட்டர் குமிழ் முழுச் சூட்டில் இருக்கட்டும், காற்று தங்காது. வடித்த கூலன்ட்டை நாய் நக்கும்படி விடாதீர்கள், விஷம்.