கதிரையும் கணக்குக் கொப்பியும்

அன்புள்ள அண்ணா,

திருகோணமலை, சாம்பல்தீவிலிருந்து எழுதுகிறேன். வயது 23. எங்கள் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் இளையவர்கள் பத்துப் பேர் இருக்கிறோம். சிரமதானம், பந்தல், கதிரை அடுக்குவது என்றால் முதல் ஆளாகக் கூப்பிடுவார்கள். கூட்டத்தில் வாய் திறந்தால் "பிள்ளை, உனக்கு இது விளங்காது" என்கிறார்கள். இப்போது பாதிப் பேர் வருவதில்லை. நானும் விட்டுவிடட்டுமா?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

விடாதீர்கள்.

உங்கள் கடிதம் எனக்கு தடித்த அட்டை போட்ட ஒரு சீ.ஆர். கொப்பியை ஞாபகப்படுத்திவிட்டது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் கடல் வந்து போனபின் உப்புவெளிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தோம். எனக்கு அப்போது இருபது. நாங்கள் ஐந்து பேர் அந்தக் கொப்பியில் எழுதத் தொடங்கினோம். எந்த வகுப்பறையில் எந்தக் குடும்பம், கைக்குழந்தை எத்தனை, யாருக்கு இன்சுலின் வேண்டும், யாரைக் காணவில்லை. காணாதவர்களின் பெயர் மட்டும் சிவப்புப் பேனையில். லொறி வந்தால் கொப்பியைப் பார்த்துத்தான் பால்மா இறங்கும். மூன்றாம் கிழமை பெரியவர்கள் ஒரு குழு அமைத்துக் கொப்பியை வாங்கிக்கொண்டார்கள். எங்களுக்குச் சாமான் இறக்கும் வேலை. ஒரு மாதத்தில் மூன்று பேர் அந்தப் பக்கமே வரவில்லை. அவர்களைச் சோம்பேறிகள் என்று யாரும் சொன்னால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும்.

உள்ளூராட்சித் தேர்தலில் இப்போது வேட்பாளர்களில் 25 சதவீதம் 18 முதல் 35 வயதுக்காரராக இருக்கவேண்டும் என்று சட்டம் இருக்கிறது. 2025 மே 6 தேர்தல் அப்படித்தான் நடந்தது. நல்லது. ஆனால் சபைக்குப் போகிற பிள்ளை வரவுசெலவுத் திட்டத்தை வாசிக்க எங்கே பழகும்? உங்கள் சங்கத்தில்தான் பழகவேண்டும்.

வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் தலைவர் பதவியைக் கேட்காதீர்கள். செயலாளர் அல்லது பொருளாளர் பதவியைக் கேளுங்கள். பிரதேச செயலகத்துக்குப் போகும் கடிதம் செயலாளரின் கையால் போகிறது. காசோலையில் பொருளாளரின் கையெழுத்து வேண்டும். பதிவுசெய்த சங்கங்களுக்கு வடிகான், சிறுவீதி வேலைகள் ஒப்பந்தமாகக் கிடைப்பதுண்டு. அப்போது மதிப்பீட்டில் எத்தனை கியூப் மணல், எத்தனை பை சீமெந்து என்று வாசிக்கத் தெரிந்தவரிடம் ஊரே கேட்டுவரும்.

இன்னொன்று, 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். உங்கள் ஒழுங்கைக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள் என்று பிரதேச சபையிடம் தமிழிலேயே எழுதிக் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர்கள் முடிவு சொல்லவேண்டும். கிடைக்கும் பதிலைக் கூட்டத்தில் வாசியுங்கள்.

பெண்பிள்ளை என்பதால் "மாதர் சங்கத்துக்குப் போ" என்றும் தள்ளப் பார்ப்பார்கள். அங்கேயும் போங்கள், இங்கேயும் இருங்கள்.

தலைவரோடு சண்டை வேண்டாம். யுத்த காலத்தில் ஆமியோடும் புலிகள் இயக்கத்தோடும் பேசி ஊரைக் காப்பாற்றியவர்கள் அந்தத் தலைமுறையில் பலர். சங்கம் கைவிட்டுப் போனால் சிதறிவிடும் என்ற பயம் அவர்களுக்கு உண்மையிலேயே இருக்கிறது. அதனால் அடுத்த கூட்டத்துக்கு முன் ஒரு பின்னேரம் பொருளாளர் வீட்டுக்குப் போங்கள். "இந்த மாதக் கணக்கை நான் எழுதித் தரட்டுமா, ஐயா?" என்று கேளுங்கள். கண்ணாடியைத் தேடி எடுத்துக் கூட்டல் பார்க்கிற மனிதராக இருந்தால் சந்தோசப்படுவார். வராமல் நின்ற அந்த ஐந்து பேரில் ஒருவரையாவது கூட்டிக்கொண்டு போங்கள்.

என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணா