மாதாமாதம் சளி: சைக்கிள் பயிற்சியை எங்கே குறைப்பது?

கேள்வி: 200 கி.மீ. பி.ஆர்.எம். (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் பயணம்) ஓட்டுவதற்காக ஈ.சி.ஆரில் வாரத்துக்கு 12 மணி நேரம் பயிற்சி செய்கிறேன். மாதம் தவறாமல் சளியும் தொண்டை வலியும் வந்துவிடுகின்றன. பயிற்சியையே நிறுத்திவிடலாமா?
- வாசகர், திருவான்மியூர்

பதில்: நிறுத்த வேண்டாம், குறைத்தால் போதும். 200 கி.மீ.க்குக் கொடுக்கப்படும் நேரம் பதிமூன்றரை மணி. நிற்கும் நேரத்தையும் சேர்த்து, மணிக்கு 15 கி.மீ. போனாலே முடித்துவிடலாம். இதற்கு வாரா வாரம் உடம்பைப் பிழிய வேண்டிய அவசியமே இல்லை.

மூன்று வாரம் ஓட்டினால் நான்காவது வாரத்தை 6 மணி நேரத்தோடு நிறுத்துங்கள். ஞாயிற்றுக்கிழமை 100 கி.மீ. போகிறவர் 50 போதும் என்று திரும்பிவிட வேண்டும். வேகப் பயிற்சியை அடியோடு விடாதீர்கள். நான்கு நிமிட வேக ஓட்டம் நான்கு செய்கிற இடத்தில் இரண்டு செய்யுங்கள். மற்ற நாட்களில் மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே போகும் வேகம்தான். விட்டுப்போன கிலோமீட்டரை அடுத்த வாரம் ஈடுகட்டப் பார்ப்பதுதான் பலரைத் திரும்பவும் படுக்க வைக்கிறது.

காலையில் எழுந்திருக்கும் முன், படுத்தபடியே ஒரு நிமிடம் நாடித்துடிப்பை எண்ணிக் குறித்து வையுங்கள். வழக்கத்தைவிட ஏழெட்டுத் துடிப்பு கூடி, இரண்டு நாளாகியும் இறங்கவில்லை என்றால் அன்றைக்குக் கடினப் பயிற்சி வேண்டாம்.

வெயிலுக்கு முந்த வேண்டும் என்று நாலு மணிக்கு எழுகிறவர்கள் இரவு ஒன்பது மணிக்கே படுத்துவிட வேண்டும். ஆறு மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்குகிறவர்களைச் சளி எளிதில் பிடிக்கும். வெறும் காபியோடு மூன்று மணி நேரம் ஓட்டுவதும் தவறு. ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டும் பயணத்தில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும்; மணிக்கு இரண்டு வாழைப்பழம் கணக்குக்குச் சரியாக இருக்கும்.

இன்னொன்று, கையுறை. மூக்கைத் துடைத்த அதே கையுறையோடு தண்ணீர் பாட்டிலின் வாயைப் பிடித்து இழுத்துக் குடிப்பார்கள். கையுறையைத் தினமும் துவையுங்கள், பாட்டில் மூடியைக் கழற்றி சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

மூக்கு மட்டும் ஒழுகினால் அரை மணி நேரம் மெதுவாக ஓட்டலாம். காய்ச்சல், உடம்புவலி, நெஞ்சுச்சளி இருந்தால் சைக்கிளைத் தொடவே கூடாது. வைரஸ் காய்ச்சலோடு உடம்பை வருத்தினால் இதயத் தசையில் அழற்சி வரும் ஆபத்து உண்டு. மாத்திரை இல்லாமலே காய்ச்சல் விட்டு இரண்டு நாள் ஆன பிறகு, சமதளத்தில் அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். நெஞ்சுவலியோ படபடப்போ வந்தால் உடனே டாக்டரிடம் போங்கள்.

கேள்வி: நிகழ்ச்சிக்கு முந்தைய வாரம் ஒருமுறை 200 கி.மீ. ஓட்டிப் பார்க்கலாமா?
- வாசகி, தாம்பரம்

பதில்: கூடாது. கடைசி நீண்ட ஓட்டம், 130 கி.மீ. அளவில், இரண்டு மூன்று வாரம் முன்னதாகவே முடிந்திருக்க வேண்டும். கடைசி வாரத்தில் ஒரு மணி நேர ஓட்டம் மூன்று போதும். முந்தின நாள் டயர் காற்றையும் பிரேக் கட்டையையும் பாருங்கள், முன்விளக்கு பின்விளக்கை சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்குங்கள்.