பரிசல் ஓடாத நாளும் பரிசலுக்குக் கட்டிய பணமும்

கேள்வி: ஆடிப்பெருக்கை ஒட்டி ஒகேனக்கல் சென்றுவர, பேருந்து, மதிய உணவு, பரிசல் சவாரி எல்லாவற்றுக்கும் சேர்த்து எட்டுப் பேருக்கான முழுத்தொகையையும் சுற்றுலா ஏற்பாட்டாளர் ஒருவரிடம் முன்கூட்டியே கட்டினோம். நீர்வரத்து கூடியதால் அன்று பரிசல் இயக்கத் தடை விதித்துவிட்டார்கள். பரிசலுக்குரிய பணத்தைக் கேட்டால், ‘கட்டிய பணம் திருப்பித் தரப்படாது’ என்று ரசீதில் அச்சிட்டிருப்பதைக் காட்டுகிறார். எங்களுக்கு வழி உண்டா?
– வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: உண்டு. பரிசல் நின்றது அவருடைய குற்றமன்று என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். தென்மேற்குப் பருவமழையில் கபினி, கிருஷ்ணராஜசாகர் அணைகளிலிருந்து உபரிநீர் திறக்கப்படும்போது, தமிழக எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் அளக்கப்படும் நீர்வரத்தைப் பார்த்து மாவட்ட நிர்வாகம் பரிசலுக்கும் அருவிக் குளியலுக்கும் தடை விதிப்பது உயிரைக் காக்கும் நடவடிக்கையாகும். பரிசலோட்டிகளுக்கும் அது கூலி இல்லாத நாள்தான் என்பதால், துறையில் நின்று அவர்களிடம் வாதாடுவது நியாயமாகாது.

ஆனால், நடக்காத சவாரிக்கு வாங்கிய பணத்தை ஏற்பாட்டாளர் தம்மிடமே வைத்துக்கொள்வது வேறு விஷயம். ஒப்பந்தம் செய்த பிறகு நிறைவேற்ற இயலாமற்போன செயலைப் பொறுத்தவரை அந்த ஒப்பந்தம் செல்லாததாகிவிடும் என்று 1872 ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 56 ஆம் பிரிவில் சொல்கிறது. அவ்வாறு செல்லாததாகிவிட்ட ஒப்பந்தத்தின் வழியாகப் பெற்ற பயனைப் பெற்றவர் திருப்பித் தரவோ ஈடுசெய்யவோ வேண்டும் என்று 65 ஆம் பிரிவு சொல்கிறது. பரிசல் துறையில் உங்களுக்காக அவர் கட்டணம் எதுவும் செலுத்தாத நிலையில், ரசீதின் அடியில் உள்ள ஒரு வரியைக் காட்டி அந்தத் தொகையை எடுத்துக்கொள்ள அவருக்கு உரிமை இல்லை என்பதே என் கருத்து. பேருந்தும் உணவும் கிடைத்துவிட்டதால், அவற்றுக்கான பணத்தையும் சேர்த்துக் கேட்காதீர்கள். கேட்டால் உங்கள் பக்கம்தான் வலுவிழக்கும். ரசீதில் தொகை பிரித்துக் காட்டப்படாவிட்டால், பரிசலுக்கென்று நிர்வாகம் நிர்ணயித்துள்ள கட்டணத்தை அடிப்படையாக வைத்துக் கேளுங்கள்.

முதலில் 15 நாள் அவகாசம் கொடுத்துப் ஸ்பீட் போஸ்ட்டில் கடிதம் அனுப்புங்கள். ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், அன்றைய தடை பற்றிய நாளிதழ்ச் செய்தி ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகலாம். 2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, ஏற்பாட்டாளர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டிருந்தால் வழக்குக் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்பதுமில்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும்.

கேள்வி: பரிசலில் ஏறுமுன் எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகர், பாலக்கோடு

பதில்: கட்டணத்தை இடைத்தரகரிடம் கொடுக்காமல் கவுண்டரில் செலுத்தி, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். எந்த இடம்வரை அழைத்துச் செல்வார்கள், மணல்திட்டில் இறக்கிவிடுவார்களா என்பதையெல்லாம் கரையிலேயே பேசி முடித்துவிட வேண்டும். மூங்கிலால் பின்னிய வட்டப் பரிசல், உள்ளே ஒருவர் எழுந்து நின்றாலே ஒரு பக்கமாகச் சாயும் என்பதால், நடு ஆற்றில் பணத்தகராறு கூடவே கூடாது. லைஃப் ஜாக்கெட்டின் பட்டைகளை இழுத்துப் பாருங்கள். பட்டை அறுந்திருந்தால் வேறொன்று கேளுங்கள், கிடைக்காவிட்டால் ஏறாதீர்கள். குழந்தைகளுக்கு அவர்கள் அளவிலேயே ஜாக்கெட் வேண்டும், ஏனெனில் பெரியவர்களுடையது தண்ணீரில் தலைவழியாகக் கழன்றுவிடும்.