டிக்கெட் இல்லையே, அப்புறம் எதற்கு அனுமதி? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் ஒரு வாசகர், நூலகத்தில் சினிமா போட்டுக் காட்டலாமா என்று கேட்டிருந்தார். "டிவிடி வாங்கினால் மட்டும் போதாது, திரையிடத் தனியாக உரிமம் வேண்டும்" என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிட்டு நகர்ந்தேன். அந்த ஒரு வரி பலரையும் சீண்டிவிட்டது போலிருக்கிறது. வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான், அதனால் இந்த முறை அதற்கு மட்டும் பதில்.

கேள்வி: எங்கள் நூலகத்துக்காகக் காசு கொடுத்து வாங்கிய ஒரிஜினல் டிவிடி. டிக்கெட் கிடையாது. பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் உறுப்பினர்கள். இதற்குமா அனுமதி? – ஒரு நூலகர்

இதற்கும்தான். அந்த டிவிடியைப் போட்டதும் முதலில் ஓர் எச்சரிக்கை வரும், ரிமோட்டை எத்தனை அழுத்தினாலும் நகராது. எரிச்சலோடு அது போகும் வரை காத்திருப்போமே தவிர யாரும் படிப்பதில்லை. ஒருமுறை படித்துப் பாருங்கள், வீட்டில் தனிப்பட்ட முறையில் பார்ப்பதற்கு மட்டும் என்று எழுதியிருக்கும். நீங்கள் காசு கொடுத்தது தட்டுக்கும் அதை வீட்டில் பார்ப்பதற்கும்தான், கூட்டத்துக்குப் போட்டுக் காட்டுவது வேறொரு உரிமை, அது இன்னும் படத்தின் சொந்தக்காரரிடமே இருக்கிறது. இந்தியாவின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் இதை 14-ஆவது பிரிவில் தனியாகவே எடுத்துச் சொல்கிறது. (நிறையப் பேர் இதைக் காப்புரிமை என்று எழுதுகிறார்கள். அது கண்டுபிடிப்புகளுக்கானது. புத்தகம், பாட்டு, சினிமாவுக்கெல்லாம் பதிப்புரிமை.)

டிக்கெட் போடவில்லை என்பது உரிமத்துக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று பேசும்போது உதவும், உரிமமே வேண்டாம் என்று சொல்ல உதவாது. அமெரிக்கச் சட்டத்தில் குடும்பம், அந்தக் குடும்பத்தின் நட்பு வட்டம் இதைத் தாண்டி ஆட்கள் கணிசமாகக் கூடினாலே அது பொதுக் காட்சி. பொதுமக்கள் வந்துபோகும் இடமாக இருந்தால் எத்தனை பேர் என்ற கணக்குக்கே வேலை இல்லை. உறுப்பினர்கள் மட்டும் என்கிறீர்கள், ஆனால் யார் வந்து கேட்டாலும் உறுப்பினர் அட்டை கொடுப்பதுதானே உங்கள் வேலை? இந்தியச் சட்டம் இன்னும் கறார். 1994-இல் திருத்தியபோதே, மக்களில் ஒருவராவது உண்மையில் பார்த்தாரா என்பது முக்கியமில்லை என்று சேர்த்துவிட்டார்கள். நாற்காலி எல்லாம் போட்டு, படத்தையும் ஓடவிட்டு, ஒருவரும் வராமல் போனாலும் கணக்கு கணக்குதான்.

2012-இல் வந்த இன்னொரு திருத்தம் உங்களுக்கு ஒரு நல்லதும் செய்திருக்கிறது. லாப நோக்கமில்லாத நூலகம், முறையாக வாங்கிய பிரதியை உறுப்பினருக்கு இரவல் கொடுப்பது வணிக வாடகை ஆகாது என்று தெளிவாக எழுதிவிட்டார்கள். அதனால் டிவிடியை வீட்டுக்குக் கொடுத்தனுப்பலாம், தாராளமாக. கூடத்தில் போடுவதில்தான் சிக்கல்.

கேள்வி: பள்ளிக்கூடங்களில் மட்டும் போடுகிறார்களே, அது எப்படி?

அவர்களுக்குச் சட்டத்திலேயே விலக்கு உண்டு. இந்தியாவில் கல்வி நிறுவனத்தின் செயல்பாடுகளில் ஒன்றாக, ஆசிரியர்கள், பணியாளர்கள், மாணவர்கள், அவர்களுடைய பெற்றோர், நிறுவனத்தின் செயல்பாடுகளோடு தொடர்புள்ளவர்கள் ஆகியோருக்கு மட்டும் படம் காட்டலாம், 52-ஆவது பிரிவு. பிரிட்டனின் 1988-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இதே போல ஒன்று இருக்கிறது, ஆனால் அங்கே கற்பித்தலுக்காகக் காட்ட வேண்டும், பிள்ளையின் அப்பா அம்மா என்பதற்காக மட்டும் யாரையும் உட்கார வைக்க முடியாது. ஒரே விலக்குதான், ஓரிடத்தில் பெற்றோர் உள்ளே, இன்னோரிடத்தில் வெளியே! அமெரிக்காவில் லாப நோக்கமற்ற கல்வி நிறுவனம், வகுப்பறை அல்லது அதுபோன்ற இடம், ஆசிரியரும் மாணவரும் நேருக்கு நேர் இருக்கும் பாடவேளை, முறையான பிரதி என்று நாலு வேலி.

கல்லூரி நூலகத்தில் ஒரு வகுப்பைக் கூட்டிவந்து பாடத்துக்காகப் போட்டால் இந்த விலக்குக்குள் வர வாய்ப்புண்டு. பொது நூலகம் விடுமுறையில் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு "இதுவும் கல்விதானே" என்று சொன்னால் எடுபடாது. நூலகங்களுக்கென்று இந்தியச் சட்டத்தில் வேறு சலுகைகள் இருக்கின்றன, நாட்டில் விற்பனைக்குக் கிடைக்காத புத்தகத்தை மூன்று பிரதிக்கு மிகாமல் எடுத்துக்கொள்ளலாம், கையில் இருக்கும் பிரதியைப் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமிக்கலாம். படம் போடும் சலுகை அந்தப் பட்டியலில் இல்லை. கட்டணமில்லாமல் நாடகம் போடும் அமெச்சூர் மன்றத்துக்குக்கூட விலக்கு இருக்கிறது, சினிமாவுக்கு இல்லை.

கேள்வி: கூட்டமாக வேண்டாம். ஓர் ஓரத்தில் டிவி, ஹெட்போன், ஒரு நாற்காலி. ஒருவர் மட்டும் பார்த்தால்?

இது நல்ல கேள்வி, நீதிமன்றமே மண்டையைக் குடைந்துகொண்ட கேள்வி. அமெரிக்காவில் ஒரு வீடியோ கடைக்காரர் கடைக்குள்ளேயே சின்னச் சின்ன அறைகள் கட்டினார். இரண்டு, மூன்று பேராக உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள், முன்பக்கம் இருக்கும் ஊழியர் கேசட்டைப் போடுவார். அறைக்குள் இருப்பது குடும்பம்தானே என்று வாதாடினார்கள். 1984-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒப்புக்கொள்ளவில்லை: அறை சின்னதாக இருக்கலாம், கடை யாருக்கும் திறந்திருக்கிறதே என்றது. ஐந்து ஆண்டு கழித்து 1989-இல் ஒரு ஹோட்டல் வழக்கு. வரவேற்பில் வீடியோ டிஸ்க்கை வாடகைக்கு எடுத்து, தங்கியிருக்கும் அறைக்குக் கொண்டுபோய் விருந்தினரே போட்டுப் பார்த்தார்கள். அது பொதுக் காட்சி ஆகாது என்று தீர்ப்பு வந்தது.

உங்கள் நாற்காலி இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது. ஊழியரே படத்தைப் போட்டுவிடுவது, திரை எல்லாரும் பார்க்கும்படி இருப்பது, இரண்டும் உங்களை வீடியோ கடைப் பக்கம் தள்ளும். திரையைச் சுவர்ப் பக்கம் திருப்பி, ஹெட்போன் மாட்டி, உறுப்பினரே டிஸ்க்கைப் போட்டுக்கொள்ளும்படி வைப்பது கொஞ்சம் தேவலை. நிச்சயம் வேண்டுமென்றால் டிஸ்க் வாங்கும்போதே பொதுத் திரையிடல் உரிமையோடு கிடைக்குமா என்று கேளுங்கள். ஆவணப்படக்காரர்கள் பலர் அப்படி விற்கிறார்கள், விலை கூடுதலாக இருக்கும்.

கேள்வி: நெட்ஃபிளிக்ஸ் கணக்கு இருக்கிறது. அதிலிருந்து ப்ரொஜெக்டரில் போட்டால்?

கூடாது. டிஸ்க்கிலாவது பொருள் உங்களுடையது. இங்கே உங்களுக்கும் அந்த நிறுவனத்துக்கும் உள்ள ஒப்பந்தமே தனிப்பட்ட பயன்பாட்டுக்கு என்றுதான் சொல்கிறது, ஓகே பட்டனை அழுத்தியது நீங்கள்தான். ஒரு சின்ன வாசல் உண்டு. நெட்ஃபிளிக்ஸ் தானே தயாரித்த சில ஆவணப்படங்களை, கல்விக்காக, கட்டணமோ விளம்பரதாரரோ இல்லாமல், ஒருமுறை திரையிட அனுமதிக்கிறது. எந்தப் படத்துக்கு அந்தச் சலுகை என்று அந்தந்தப் படத்தின் பக்கத்தில் குறிப்பு இருக்கும். யூடியூபுக்கும் இதே பதில்: படம் அங்கே கிடைக்கிறது என்பதற்காகக் கூடத்தில் போட உரிமை வந்துவிடாது, அதை ஏற்றியவருக்கே உரிமை இருக்கிறதா என்பது அடுத்த தலைவலி.

கேள்வி: சரி, முறையாகவே செய்கிறோம். யாரிடம் கேட்பது?

அப்பாடா, இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். ஹாலிவுட் படங்கள் என்றால் பல ஸ்டூடியோக்கள் சார்பில் உரிமம் கொடுக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. அமெரிக்காவில் மோஷன் பிக்சர் லைசென்ஸிங் கார்ப்பரேஷன், ஸ்வாங்க், பிரிட்டனில் ஃபில்ம்பேங்க்மீடியா. இரண்டு வகை உரிமம் கொடுப்பார்கள். ஒன்று, இந்தப் படம், இந்தத் தேதி என்று படத்துக்குப் படம் வாங்குவது. இன்னொன்று ஆண்டுக்கு ஒருமுறை கட்டிவிட்டு அவர்கள் பட்டியலில் உள்ள எதையும் போட்டுக்கொள்வது. மாதம் இரண்டு மூன்று படம் போடும் நூலகத்துக்கு இரண்டாவதுதான் தோது.

ஆனால் ஆண்டு உரிமத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. பெரும்பாலும் வெளியே படத்தின் பெயரைப் போட்டு விளம்பரம் செய்யக் கூடாது. நூலகச் சுவருக்குள் ஒட்டலாம், உறுப்பினருக்குச் சொல்லலாம், தெருவில் தட்டி வைத்தாலோ செய்தித்தாளில் போட்டாலோ நிபந்தனையை மீறியதாகிவிடும். நான் ஒரு வாசகர் வட்டத்தில் இருந்தபோது எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்துவிட்டு, ஆர்வக்கோளாறில் நாயகன் முகத்தைப் பெரிதாகப் போட்டுப் போஸ்டர் அடித்தோம். உரிமம் கொடுத்தவர்களிடமிருந்து நாலு வரிக் கடிதம் வந்தது. அன்று இரவே ஒட்டியதையெல்லாம் கிழித்தோம், பசை நன்றாகவே காய்ந்திருந்தது. இன்னொன்று, இந்த உரிமத்தோடு பெரும்பாலும் பிரதி வராது, டிஸ்க்கை நீங்கள்தான் முறையாக வாங்க வேண்டும்.

தமிழ்ப் படம் என்றால் தேடிப்போக வேண்டியது தயாரிப்பாளரை. அவரே நெகட்டிவ் உரிமையை, அதாவது படத்தின் மொத்த உரிமையை, வேறொருவருக்கு விற்றிருக்கலாம், சாட்டிலைட் (டிவி) உரிமை ஒருவரிடம், டிஜிட்டல் (இணைய) உரிமை ஒருவரிடம் என்று பிரிந்து கிடக்கலாம். அதனால் கடிதம் இப்படி இருக்கட்டும்:

"தங்கள் படத்தை எங்கள் நூலகக் கூடத்தில் இந்தத் தேதியில் ஒருமுறை திரையிட அனுமதி கேட்கிறோம். இருக்கைகள் 60. நுழைவுக் கட்டணமோ நன்கொடையோ இல்லை. விலைக்கு வாங்கிய டிவிடியிலிருந்து காட்டுவோம், பிரதி எடுக்கவோ இணையத்தில் ஒளிபரப்பவோ மாட்டோம். பாடல்களுக்கும் இசைக்கும் தனியே அனுமதி தேவையா என்று தெரிவிக்கவும். திரையிடல் உரிமை இப்போது தங்களிடம் இல்லையென்றால் யாரிடம் இருக்கிறது என்று ஒரு வரி எழுதினால் போதும்."

அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள், பதிலே வராத கடிதத்துக்கும் வருகிற கடிதத்துக்கும் அதுதான் வித்தியாசம். பாட்டைப் பற்றி ஏன் கேட்கச் சொல்கிறேன் என்றால், 2012-க்குப் பிறகு இந்தியாவில் திரையரங்கில் படத்தோடு ஒலிப்பதைத் தவிர மற்ற பயன்பாடுகளில் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் பங்கு இருக்கிறது. நூலகம் திரையரங்கு இல்லையே.

கேள்வி: இயக்குநர் எனக்கு நண்பர். "போடுங்க பாஸ்" என்று போனில் சொல்லிவிட்டார்.

அவர் பெருந்தன்மைக்கு வணக்கம், ஆனால் போதாது. இந்தியச் சட்டப்படி திரைப்படத்தின் ஆசிரியர் தயாரிப்பாளர்தான். உரிமமும் எழுத்தில் இருக்க வேண்டும். சொந்தக் காசில் தானே தயாரித்த குறும்படம் என்றால் அவரிடமே இரண்டு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: யாருக்குத் தெரியப்போகிறது?

நீங்களே சொல்லிவிடுவீர்கள். படம் முடிந்ததும் திரையோடு சேர்த்து ஒரு குரூப் போட்டோ எடுத்து ஃபேஸ்புக்கில் போடாத நூலகத்தை நான் பார்த்ததில்லை. 63-ஆவது பிரிவில் குறைந்தது ஆறு மாதத்தில் தொடங்கும் சிறைத்தண்டனை இருக்கிறது, வியாபார லாபத்துக்காகச் செய்யவில்லை என்றால் நீதிமன்றம் குறைக்கலாம். கூடத்தை வாடகைக்கு விட்டு வேறு யாரோ திருட்டுப் பிரதி போட்டாலும், தெரிந்தே விட்டிருந்தால் உங்களையும் இழுக்கலாம்.

கேள்வி: பழைய படம் என்றால் பிரச்சினை இல்லைதானே?

எவ்வளவு பழையது? இந்தியாவில் படம் வெளியான ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள். 1960-இல் வந்த படத்தின் உரிமை 2020 டிசம்பரோடு தீர்ந்தது. ஆனால் கதைக்கும் பாட்டுக்கும் ஆயுள் தனி, எழுதியவர் இறந்த பிறகு 60 ஆண்டு. இதில் சறுக்கியவர்கள் உண்டு. 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' 1946-இல் வந்த அமெரிக்கப் படம். 1974-இல் உரிமையைப் புதுப்பிக்க மறந்துவிட்டார்கள், டிவி நிலையங்கள் எல்லாம் காசில்லாமல் வருடா வருடம் போட்டுத் தள்ளின. 1993-இல், மூலக் கதைக்கும் இசைக்கும் உரிமை இன்னும் இருக்கிறது என்று சொல்லி ஒரு நிறுவனம் அத்தனையையும் நிறுத்தியது. ஒரு நாட்டில் உரிமை முடிந்துவிட்டது என்பதால் இன்னொரு நாட்டிலும் முடிந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளவும் வேண்டாம்.

கேள்வி: யாரையும் கேட்காமல் போடக்கூடிய படம் ஒன்றுகூடவா இல்லை? பிள்ளைகள் வெள்ளிக்கிழமை வந்து நிற்கும்.

இருக்கிறது. பிளெண்டர் நிறுவனத்தார் எடுத்த 'பிக் பக் பன்னி' (2008), 'சின்டெல்' (2010) இரண்டும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் (சொன்ன நிபந்தனைப்படி யாரும் பயன்படுத்தலாம் என்று எடுத்தவர்களே முன்கூட்டிக் கொடுத்துவிடும் அனுமதி) வந்த அனிமேஷன் குறும்படங்கள். இறக்கிக்கொள்ளலாம், கூட்டம் கூட்டிக் காட்டலாம். முதல் படத்தில் ஒரு கொழுத்த முயல், வசனமே கிடையாது, எந்த மொழிப் பிள்ளைக்கும் புரியும். இரண்டாவது கொஞ்சம் சோகமானது, ரத்தமும் உண்டு, குட்டிப் பிள்ளைகளுக்குக் காட்டும் முன் நீங்கள் ஒருமுறை பார்த்துவிடுங்கள். எடுத்தவர்கள் பெயரைச் சொல்ல வேண்டும் என்பதுதான் நிபந்தனை, அதனால் கடைசியில் பெயர்கள் ஓடி முடியும் வரை லைட்டைப் போடாதீர்கள்.