நாணலுக்குள் போன வாத்து

அன்புள்ள ஐயா,

நான் அமெரிக்காவில் வேலை பார்க்கிறேன். போன மாதம் நண்பர்களோடு முதல்முறையாக வாத்து வேட்டைக்குப் போனேன். பயிற்சி, உரிமம் எல்லாம் முறையாக முடித்துவிட்டுத்தான் போனேன். நான் சுட்ட ஆண் மல்லார்டு வாத்து உயிரோடு விழுந்தது. நாய் கொண்டுவந்து கொடுத்தபோது தலையைத் தூக்கிப் பார்த்தது. எனக்குக் கை வரவில்லை. நண்பர் வாங்கி ஒரே திருகில் முடித்தார். அதற்கு அப்புறமும் சிறகு அடித்துக்கொண்டே இருந்தது. இன்னொன்றும் விழுந்தது. அது நாணலுக்குள் போய்விட்டது, அடுத்த கூட்டம் வந்துகொண்டிருந்ததால் தேட முடியவில்லை. அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கமில்லை. கையால் கொல்வது கொடூரமில்லையா? அதற்கு வலித்திருக்குமா? என்னைப் போன்றவன் வேட்டைக்கே போகக்கூடாதா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

குளிர்காலம் தொடங்கினாலே எனக்கு ஒரு வாத்தின் நினைவு வந்துவிடும். இந்த வருடமும் வந்தது. அந்த வாரத்தில்தான் உங்கள் கடிதமும் வந்தது.

முதலில் அந்தச் சிறகடிப்பு. உயிர் போன பிறகும் நரம்புகள் கொஞ்ச நேரம் தசைகளை ஆட்டிக்கொண்டிருக்கும், அது வலியல்ல. உடம்பை ஒரு கையால் இறுக்கிப் பிடித்து, மறு கையால் தலையின் பின்பக்கத்தைப் பற்றி, ஒரே இழுப்பில் பின்னோக்கி மடக்கினால் மண்டையிலிருந்து கழுத்தெலும்பு விலகிவிடும். சரியாகச் செய்தால் மிகச் சில நொடிகளில் நினைவு போய்விடும். தயங்கித் தயங்கிச் செய்தால்தான் அது சித்திரவதை. பெரிய காட்டு வாத்துகளுக்குக் கழுத்து தடிமன், அவற்றுக்குப் பின்தலையில் கனமான ஒரே அடி. பிறகு விழியை விரலால் தொட்டுப் பாருங்கள். இமை அசையக்கூடாது, மூச்சும் இருக்கக்கூடாது. நெஞ்சை அமுக்கி மூச்சை நிறுத்துவது, தண்ணீரில் முக்கிப் பிடிப்பது இரண்டையும் யார் சொல்லிக்கொடுத்தாலும் செய்யாதீர்கள். அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டு நெறிகளும் இவற்றை ஏற்பதில்லை. உங்கள் நண்பர் சரியாகத்தான் செய்திருக்கிறார். காயத்தோடு கைக்கு வந்த பறவையை உடனே கொன்று, ஒரு நாளைக்கு அனுமதித்த எண்ணிக்கையில் சேர்க்க வேண்டும் என்பது அந்த நாட்டுச் சட்டமும்கூட.

கொடூரமா என்று கேட்கிறீர்கள். சுட்டது நீங்கள். கழுத்தைத் திருகியவர் உங்கள் வேலையின் மிச்சத்தைச் செய்தார். அவ்வளவுதான்.

சரி, நான் எழுத வந்தது வேறு. கடிதத்தின் நடுவில் நாணலுக்குள் போன வாத்தைப் பற்றி இரண்டே இரண்டு வரி எழுதியிருக்கிறீர்கள். சில நொடிகளில் செத்துப்போன பறவைக்காகத் தூக்கம் கெட்டுக் கிடக்கிறீர்கள். சாகாத பறவைக்கு இரண்டு வரி! கண்ணில் பட்டது மட்டும்தான் வலியா, தம்பி?

எனக்கு அப்போது முப்பது வயது. வேட்டையில் பழுத்த ஒரு பெரியவரோடு சதுப்புக்குப் போயிருந்தேன். ஐம்பது கெஜத்துக்கும் அப்பால் பறந்த வாத்தைச் சுட்டேன். சுட்டிருக்கவே கூடாத தூரம். ஒரு சிறகு ஒடிந்து தண்ணீரில் விழுந்தது. கழுத்து நிமிர்ந்திருந்தது. "இன்னொரு தோட்டா போடு" என்று கத்தினார் அவர். நீரில் உட்கார்ந்திருக்கும் பறவையைச் சுடுவது ஈனம் என்று எங்கேயோ கேட்டிருந்த நான் யோசித்தேன். அது நலமாக உட்கார்ந்திருக்கும் பறவைக்கான மரியாதை. அடிபட்டதற்கு அந்த மரியாதை செய்யக்கூடாது என்று எனக்கு அப்போது தெரியவில்லை. யோசித்த நேரத்தில் அது முங்கிவிட்டது. அதற்குள் அடுத்த கூட்டம் தலைக்கு மேல் வந்தது. நான் துப்பாக்கியைத் தூக்கினேன்.

மறுநாள் காலை அவருடைய நாய் அதை நாணலுக்குள்ளிருந்து கொண்டுவந்தது. உயிர் இருந்தது. அலகைச் சுற்றிச் சேறு காய்ந்திருந்தது, மார்பு இறகுகளில் பனி முள்முள்ளாக உறைந்திருந்தது, ஒடிந்த சிறகு தோலில் தொங்கியது. ஆனால் இறகுக்குள் விரலை விட்டால் சூடு! கீழ் இமை மெல்ல மேலேறும், பாதிக் கண்ணை மூடும், மறுபடி இறங்கும். ஓர் இரவு முழுக்க அது அப்படி இருந்திருக்கிறது. பெரியவர் என் கையிலிருந்து வாங்கி முடித்தார். அப்புறம் என் துப்பாக்கியிலிருந்த தோட்டாக்களை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார். அன்று முழுவதும் திருப்பித் தரவில்லை.

அதனால்தான் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன். விழுந்த பறவையின் தலை தண்ணீரில் தொங்கினால் செத்துவிட்டது. தலை நிமிர்ந்திருந்தால் அடுத்த நொடி முங்கப்போகிறது, உடனே சுடுங்கள். நாயும் ஆளும் அந்தப் பக்கம் இல்லை என்று பார்த்துக்கொண்டு சுடுங்கள், ரவை, அதாவது தோட்டாவுக்குள் இருக்கும் சின்னச் சின்னக் குண்டுகள், தண்ணீரில் பட்டுத் தெறிக்கும். தலையும் கழுத்தும் மட்டும்தான் இலக்கு என்பதால் அதற்கென்று சிறிய ரவை போட்ட தோட்டா இரண்டு பையில் இருக்கட்டும். விழுந்த இடத்துக்கு நேர் பின்னால் ஒரு மரத்தையோ புதரையோ கண்ணில் குறித்துக்கொள்ளுங்கள். அது கைக்கு வரும்வரை வானத்தைப் பார்க்காதீர்கள். நூறு வாத்து வரட்டும், பார்க்காதீர்கள்!

தூரமும் முக்கியம். சேற்றில் விழுந்த ஈய ரவையைத் தின்று வாத்துகள் விஷமேறிச் செத்ததால், 1991 முதல் அமெரிக்கா முழுவதும் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயம் தடை. இன்று பெரும்பாலோர் சுடுவது எஃகு ரவையால். எஃகு ஈயத்தைவிட லேசானது, சீக்கிரம் வேகம் இழக்கும். தொலைவில் போகும் பறவையை அது கொல்லாது, துளைத்துவிட்டுப் பறக்க விட்டுவிடும். கண் மங்கித் தூரம் கணிக்க முடியாமல் ஆன வருடமே நான் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டேன்.

வேட்டைக்குப் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். அடுத்த முறை எனக்கு எழுதும்போது, நாணலுக்குள் போன அந்த வாத்து எத்தனை கெஜத்தில் அடிபட்டது, அன்று மாலையாவது நாயை அழைத்துக்கொண்டு அங்கே திரும்பிப் போனீர்களா என்று எழுதுங்கள். அதைப் படித்துவிட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்.